பெயரும் பட்டாவும்

‘எந்த ஊரு?’ என்று கேட்டால் சேரிக்காரர்கள் இரண்டு பதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வெளியூரில் கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்லலாம். உள்ளூரில் கேட்டால் ‘காலனி’ என்றோ ‘கீழத்தெரு’ என்றோ சொல்லியாக வேண்டும். கடைக்குக் கிளம்பும் நம் கிழவிகள் ‘ஊருக்குள்ள போயிட்டு வாரேன்’ என்கிறார்கள். அதே ஊரில் பிறந்து, அதே ஊர் வயலில் நாற்று நட்டவர்கள், ஊருக்குள் போய்விட்டு வருகிறார்கள்! இந்த ஒரு பேச்சை விளக்காத ஊர்ப்பெயர் ஆய்வு அரைகுறைதான்.

ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் வந்தது. இன்றைக்கும் ஊர்ப்பெயர் பற்றிப் பேசுகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நிலம், குடி, குலம், கோ, தேவு என்று பெயர்களை வகைப்படுத்திய அந்த உழைப்பை நாம் மறுக்கவில்லை. பலர் சேர்ந்து வாழ்ந்த இடம் சேரி என்று அவர் விளக்குகிறார். சரி, சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்குப் பார்க்கும்போது வரியில்லாத இடங்களைக் கழிக்கின்றன. ஊர்நத்தம், குளம், சுடுகாடு, பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கல்லிலேயே ஊருக்குப் பெயர் இருக்கிறது. சேரிக்குச் சாதிதான் பெயராக இருக்கிறது. சொல்லாராய்ச்சி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நம் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘மொத மொதல்ல வந்து குடியேறின குடும்பத்துப் பேரு ஊருக்கு நின்னுபோச்சு’ என்பது பல ஊர்களில் சொல்லுகிற கதை. ஆற்றங்கரை ஊர் என்றால் இன்னும் பெருமையாகச் சொல்லுவாங்க. இப்படியொரு பெயர் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளப் புராணத்துக்குப் போக வேண்டாம். வில்லாபுரத்திலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் போனால், திருப்பரங்குன்றத்தை ஒட்டி ஹார்விப்பட்டி இருக்கிறது.

ஹார்வி என்பது ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றின் பெயர். ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் நூற்பாலை வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீர் விழுகிற வேகத்தில் மிஷின் ஓடியது. பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரா மில். மில் தொழிலாளர்களுக்கு மதுரை ஓரத்தில் குடியிருப்பு எழுந்தபோது, தாமிரபரணிக் கரையில் கடை விரித்த குடும்பத்தின் பெயர் ஒரு ‘பட்டி’யை ஒட்டிக்கொண்டு தமிழ் ஊராகிவிட்டது.

பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களின் பெயர் எதற்கு நின்றது? 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். அதில் வ.உ.சி. பெயரும் சுப்பிரமணிய சிவா பெயரும் நமக்குத் தெரியும், தெரிய வேண்டியதும்தான். வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் தெரியும்? பெயர் முதலில் வந்தவர்களுக்குப் போவதில்லை. பட்டா யார் கையிலோ அவர்களுக்குத்தான் போகிறது.

நாம் பெயர் கேட்டால் என்ன நடக்கும் என்பதை 1997 காட்டியது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் வருஷக் கணக்கில் இருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை. விருதுநகரில் தொடங்கிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தவுடன் ஆதிக்க சாதியினர் அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. நம் ஆள் ஒருத்தர் பெயர் ஓடக்கூடாது என்பதற்காக எவர் பெயரும் இல்லாமல் பஸ் ஓடியது. இதற்குச் சமத்துவம் என்று பெயராம்.

அதே வருஷம் ஏப்ரல் 23ஆம் தேதி, வில்லாபுரத்தில் குடிதண்ணீருக்காகப் போராடிய மாநகராட்சிக் கவுன்சிலர் லீலாவதி வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் கைத்தறி நெசவாளி. வில்லாபுரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மதுரைக்காரர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லுகிறார்கள். அந்தப் பெயர் எந்தப் பட்டாவிலிருந்தும் வந்ததல்ல.

‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் அழிப்பது பாதி வேலைதான். அழித்த இடத்தில் எழுதப்போவது யார்? தாலுகா ஆபீசா, மேலத்தெருவா, நாமா? படிக்கிற பிள்ளைகளும் எழுதுகிற தோழர்களும் நோட்டை எடுத்துக்கொண்டு சேரிக் கிழவிகளிடம் போய் உட்கார வேண்டும். கம்மாய்க்கு மண் சுமந்தது யாரு, இங்க மொதக் குடிசை போட்டது யாரு, இந்தத் தெருவை நீங்க என்னான்னு கூப்பிட்டீங்க என்று கேட்க வேண்டும். அந்த நோட்டுதான் நம் ஊரும் பேரும்.