பாசமும் விடுதலையும்: இரட்சணிய யாத்திரிகத்தில் மனித விருப்பம்

எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்று போற்றும் திறனாய்வுகள் பெரும்பாலும் அவருடைய உவமை நயத்தோடும் சந்த அழகோடும் நின்றுவிடுகின்றன. அப்பாராட்டு பொருந்தாதது அன்று. ஆயினும், 1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் எழுப்பும் அடிப்படை வினா அதனால் மறைந்துபோகிறது. பாவத்தோடு போராடும் மனிதன் தன் விருப்பத்தால் போராடுகிறானா, அன்றி இறையருளே அவனுள் நின்று போராடுகிறதா என்பதே அவ்வினா.

இது கிறித்தவ இறையியலில் மிகப் பழைய வழக்கு. விரும்பும் நன்மையை விட்டு வெறுக்கும் தீமையையே செய்துவிடும் அவலத்தைப் பவுல் உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் புலம்பலாகவே வைத்திருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியஸ், மனிதன் தன் முயற்சியாலேயே பாவத்தைத் தவிர்க்க முடியும் என்றார். அகுஸ்தீன் அதனை மறுத்தார். கிருஷ்ணப் பிள்ளைக்கு மூலமாக அமைந்தது ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட, தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என அறியப்படும் நூல். அது அகுஸ்தீன் வழிவந்த கால்வினியச் சார்புடையது.

பன்யனின் கதையில் பயணியின் முதுகிலுள்ள பாவச்சுமை சிலுவையின் முன்னே தானாகவே அவிழ்ந்து உருண்டு விழுகிறது. அவன் அதைத் தொடவும் இல்லை. அருளே அனைத்தும் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பொல்லியோன் என்னும் பகைவனோடு நிகழும் கடும்போர் அதற்குப் பின்னர்தான் வருகிறது. அவனைக் கண்டு அஞ்சிய பயணி, திரும்பி ஓடலாமா என்று எண்ணுகிறான். தன் கவசம் முதுகை மறைக்கவில்லை என்பது நினைவுக்கு வர, எதிர்த்து நிற்கத் துணிகிறான். கவசம் கொடுக்கப்பட்டது, நிற்பது அவன் செய்த முடிவு. இந்த இடத்தைப் பன்யனின் வாழ்வோடு இணைத்துப் பார்க்காமல் இருக்க இயலவில்லை. 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் இருந்த அவர், இனிப் போதிக்கமாட்டேன் என்று உறுதியளித்திருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம். மீட்பில் மனிதனுக்குப் பங்கில்லை என நம்பிய ஒருவர், மறுப்பை மட்டும் நாள்தோறும் தாமே சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ் வாசகருக்கு இச்சிக்கல் புதிதன்று. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது என்பர் வடகலையார். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது என்பர் தென்கலையார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்தவம் தழுவிய கிருஷ்ணப் பிள்ளை இவ்வுவமைகளை மனத்திற்கொண்டே பாடினார் என நிறுவுவது இங்கு நோக்கமன்று. எனினும், சுமை விழும் இடத்தில் பூனைக்குட்டியாக இருந்த பயணியே போர்க்களத்தில் குரங்குக்குட்டியாகிறான் என்பது நோக்கத்தக்கது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாசிப்பு காப்பியத்தில் பாதியை இழந்துவிடும்.

கிருஷ்ணப் பிள்ளையின் தனித்தன்மை வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. பன்யன் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளை அவர் குமார பருவத்தில் நெடிதாகப் பாடுகிறார். பகைவரால் கட்டுண்டு நிற்கும் இயேசுவைக் காட்டும்போது, அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ணாதீர் என்கிறார் கவிஞர். தம்மைப் பகைத்த மக்கள்பால் கொண்ட அன்பே அவரைக் கட்டியது. அக்கட்டை நீக்க அவருக்கு வலிமை இல்லை என்பது அவர் கூற்று. கயிற்றைக் குறிக்க அவர் ஆளும் சொல் ‘பாசம்’. சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிக்கும் தளைக்கு இட்ட பெயரும் அதுவே. அறுத்தெறிய வேண்டிய ஒன்றின் பெயரைக் கயிற்றுக்குத் தந்து, அதனினும் வலிய கட்டாக அன்பை அவர் நிறுத்துகிறார்.

விருப்பத்தின் உரிமை பற்றிய விவாதம் இங்கே திசை மாறுகிறது. பெலாஜியஸுக்கும் அகுஸ்தீனுக்கும் இடையே பேசப்பட்டது மனிதனின் ஆற்றல். கிருஷ்ணப் பிள்ளை காட்டுவதோ, ஆற்றல் அனைத்தும் உடையவர் விரும்பி ஏற்ற இயலாமை. இதனைக் கேட்டறிந்த வாசகர், பின்வரும் ஆரணிய பருவத்தின் இடர்களைத் தனி மனிதனின் வீரக் கதையாகப் படிப்பது கடினம். கம்பனோடு ஒப்பிடும் ஆய்வுகள் இனியேனும் இப்பகுதியின் சொல்லாட்சியை அணிநயத்திற்கு அப்பால் சென்று ஆராய வேண்டும்.