மீன்முள்ளும் மோசேயின் சட்டமும்: யோனதான் ஆட்லரின் ‘யூத மதத்தின் தோற்றங்கள்’ – நூல் மதிப்பாய்வு

யோனதான் ஆட்லர் இஸ்ரேலின் ஏரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர். அவர் எழுதிய ‘யூத மதத்தின் தோற்றங்கள்: ஒரு தொல்லியல்–வரலாற்று மீள்மதிப்பீடு’ என்னும் ஆங்கில நூலை யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2022-இல் வெளியிட்டது. இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பலர், ‘யூத மதம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றனர். நூல் சொல்வது அதைவிட நுட்பமானது. அதன் ஒரு பகுதி ஏறக்குறைய அசைக்க முடியாதது. இன்னொரு பகுதி அவ்வளவு உறுதியானதன்று. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இம்மதிப்பாய்வின் நோக்கம்.

நூலின் கேள்வி

ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்களை யூதர் தோரா என்பர். அதிலுள்ள சட்டத்தைத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘நியாயப்பிரமாணம்’ என்றும், பொது மொழிபெயர்ப்பு ‘திருச்சட்டம்’ என்றும் குறிக்கின்றன. இந்நூல்கள் எப்போது, யாரால் எழுதப்பட்டன என்பதே 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் யூலியுஸ் வெல்ஹவுசன் காலம் தொட்டு ஆய்வாளர்களின் முதன்மைக் கேள்வியாக இருந்து வந்தது. ஆட்லர் அதை ஒதுக்கி வைக்கிறார். யூதேயாவின் உழவரும் குயவரும் மீன் வாங்கிச் சமைத்த பெண்களும் இப்படி ஒரு சட்டம் இருப்பதை அறிந்து, அதன்படி வாழத் தொடங்கியது எப்போது என்று கேட்கிறார். பாடநூல் எந்த ஆண்டில் அச்சானது என்பதும், வகுப்பறையில் எந்த ஆண்டில் நடத்தப்பட்டது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவருடைய முறையும் எளிது. கி.பி. 1-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறார். அக்காலத்துக்கு ஜொசிபஸ், அலெக்சாந்திரியாவின் ஃபிலோ, புதிய ஏற்பாடு ஆகியவற்றின் சான்றும் அகழாய்வுச் சான்றும் ஏராளமாக உள்ளன. உணவு விலக்கு, தீட்டு, உருவ விலக்கு, தொழும்போது நெற்றியிலும் கையிலும் கட்டும் தெஃபிலின், ஓய்வுநாள், பஸ்கா, தொழுகைக்கூடம் என ஒவ்வொரு வழக்கத்தையும் எடுத்துக்கொண்டு நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்னோக்கிச் செல்கிறார். சான்று எங்கே அற்றுப்போகிறதோ அங்கே நிற்கிறார். ஏறக்குறைய எல்லா வழக்கங்களும் கி.மு. 2-ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடுகின்றன. அது செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கசை எதிர்த்துக் கிளர்ந்து, பின்னர் தாமே குருக்களாகவும் அரசராகவும் ஆண்ட அஸ்மோனியரின் காலம். தோரா மக்களின் சட்டமாக வேரூன்றியது அவர்கள் ஆட்சியிலாக இருக்கலாம் என்பது நூலின் இறுதிக் கருத்து.

மீன் எலும்பு சொல்வது

நூலின் வலிமையான பகுதி இதுவே. துடுப்பும் செதிளும் இல்லாத நீர்வாழ் உயிர்களை உண்ணக் கூடாது என்பது லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 14-ஆம் அதிகாரத்திலும் உள்ள விதி. நம் மீன் சந்தையின் கணக்கில் கெளுத்தி, சுறா, திருக்கை எல்லாம் விலக்கு. ஆட்லரும் மீன் எலும்பு ஆய்வாளர் ஓம்ரி லெர்னாவும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தென் லெவாந்துப் பகுதியின் 30 இடங்களில் கிடைத்த மீன் எலும்புகளை ஒப்பிட்டனர். பிந்திய வெண்கலக் காலம் முதல் பைசாந்தியக் காலம் வரை நீளும் தொகுப்பு அது. யூதா அரசு இருந்த காலத்திலும், பாரசீகர் ஆண்ட காலத்திலும் எருசலேமின் குப்பைகளில் கெளுத்தி எலும்பு கிடைக்கிறது. யாரும் மறைத்துத் தின்றதாகவோ அரிதாகத் தின்றதாகவோ தெரியவில்லை. உரோமர் காலத்து யூதக் குடியிருப்புகளில் நிலை தலைகீழாகிவிடுகிறது.

இதோடு நெகேமியா 13-ஆம் அதிகாரத்தைச் சேர்த்துப் படித்தால் சுவையாக இருக்கும். தீரு நகர வணிகர் எருசலேமில் மீன் விற்பதைக் கண்டு ஆளுநர் நெகேமியா சினம் கொள்கிறார். அவர் சினத்துக்குக் காரணம் அவர்கள் ஓய்வுநாளில் விற்றது. என்ன மீன் விற்றார்கள் என்று அவர் கேட்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

பன்றியைப் பற்றி ஆட்லர் காட்டும் எச்சரிக்கையும் பாராட்டுக்குரியது. யூதாவின் பழைய குடியிருப்புகளில் பன்றி எலும்பு குறைவு என்பதைப் பலர் தோராவின் சான்றாகக் கொண்டுவிடுகின்றனர். பன்றி வளர்ப்புக்கு அந்த மலைநாடு ஏற்றதா, அண்டை மக்கள் எவ்வளவு உண்டனர் என்பவற்றையும் பார்க்க வேண்டும். ‘குறைவு’ என்பது ‘விலக்கு’ ஆகாது. எருசலேமின் தாவீது நகர் அகழாய்வில் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வீடொன்றில் ஒரு பன்றியின் முழு எலும்புக்கூடு கிடைத்தது 2021-இல் வெளியான செய்தி.

நாணயத்தில் முகம்

உருவ விலக்கைப் பற்றிய அதிகாரமும் இதே தரத்தது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், பாரசீக ஆட்சியின் கீழ் யூதேயாவில் அடிக்கப்பட்ட சிறு வெள்ளிக்காசுகளில் ‘யெகுத்’ என்னும் மாகாணப் பெயர் உள்ளது. கூடவே ஏதென்சு நகரக் காசுகளைப் பார்த்துச் செய்த அதீனாவின் தலையும் ஆந்தையும் உள்ளன. ‘குரு யோகனான்’ என்று எழுதப்பட்ட காசு ஒன்றில் ஒரு பக்கம் மனித முகம், மறுபக்கம் ஆந்தை. சிலை வேண்டாம், உருவம் வேண்டாம் என்று மோசேயின் பெயரால் சொல்ல வேண்டியவரே குரு. அவர் பெயரிலேயே முகம் பொறித்த காசு வெளிவந்திருக்கிறது. அடுத்து வந்த தாலமிகளின் காலத்து யெகுத் காசுகளில் அரசன் முதலாம் தாலமியின் முகம் இருக்கிறது.

பிறகு கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஸ்மோனியத் தலைமைக் குரு யோவான் இர்க்கானு காசு அடிக்கிறார். மலர்வளையம், வளமைக்கொம்பு, மாதுளை, பழைய எபிரேய எழுத்து ஆகியவை உண்டு; மனித முகமோ விலங்கோ இல்லை. ஏரோது மன்னன் ஆலய வாயிலில் வைத்த பொற்கழுகை இளைஞர்கள் வெட்டி வீழ்த்தியதை ஜொசிபஸ் சொல்கிறார். இடைப்பட்ட காலத்தில் மக்கள் மனத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மாற்றமும் முழுமையானதன்று. அதே ஆலயத்தின் வரிக்கு ஏற்ற பணமாகக் கருதப்பட்டவை தீரு நகரத்து வெள்ளிக்காசுகள். அவற்றில் மெல்கார்த் தெய்வத்தின் தலையும் கழுகும் உள்ளன. வெள்ளியின் தூய்மை முன்னே நின்றால் உருவ விலக்கு சற்றே விலகி நிற்கும் போலிருக்கிறது.

யானைத்தீவின் மடல்கள்

எகிப்தில் அசுவான் அருகே நைல் ஆற்றிலுள்ள எலிபன்டைன் தீவில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் யூதேயப் படைவீரர் குடியிருந்தனர். அவர்களுடைய அரமேய மொழி மடல்களும் ஒப்பந்தங்களும் பாப்பிரசுத் தாள்களில் கிடைத்துள்ளன. அவர்களுக்கு அங்கேயே யாகு கடவுளின் ஆலயம் இருந்தது. ஒரே இடத்தில் மட்டும் பலியிட வேண்டும் என்ற உபாகம விதியை மீறுகிறோம் என்ற உணர்வு அவர்களிடம் தெரியவில்லை. கி.மு. 410-இல் அந்த ஆலயம் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் கட்ட உதவுமாறு யூதேயாவின் ஆளுநருக்கு 407-இல் எழுதிய மடலில், எருசலேமின் தலைமைக் குருவுக்கும் முன்பே எழுதியதாகச் சொல்கின்றனர். காணிக்கைப் பட்டியல் ஒன்றில் யாகுவின் பெயரோடு வேறு தெய்வப் பெயர்களும் வருகின்றன. இத்தனை தாள்களில் மோசேயின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எழுதப்பட்ட சட்டத்தை யாரும் மேற்கோள் காட்டவும் இல்லை.

விவிலியமே இதற்குத் துணை நிற்கிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. யோசியா அரசன் காலத்தில் ஆலயத்தில் சட்ட நூல் ‘கண்டெடுக்கப்பட்ட’ கதை 2 இராஜாக்கள் 22-இல் வருகிறது. நியாயாதிபதிகளின் காலம் முதல் அப்படியொரு பஸ்கா கொண்டாடப்படவில்லை என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. கூடாரப் பண்டிகையைப் பற்றி நெகேமியா 8 இதேபோல், யோசுவாவின் நாள் முதல் அப்படி நடந்ததில்லை என்கிறது. வழக்கம் இல்லாதிருந்ததை அந்த நூல்களின் ஆசிரியர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சான்றின்மையின் எடை

இதுவரை சொன்னவை எல்லாம் எதிர்ச்சான்றுகள். விலக்கப்பட்ட மீன் கிடைக்கிறது. விலக்கப்பட்ட உருவம் கிடைக்கிறது. நூலின் மற்ற அதிகாரங்கள் பலவற்றில் இருப்பது வேறு வகை வாதம்: தேடினோம், கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியிருப்பதே இந்நூலின் குறை என்பேன்.

தீட்டுக் கழிக்கும் படிக்கட்டுத் தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். பாறையில் வெட்டிச் சாந்து பூசிய இத்தொட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்கு முன் அவை இல்லை. ஆனால் லேவியராகமம் 15 சொல்வது நீரால் கழுவிக்கொள்வதை மட்டுமே. தொட்டி வெட்டச் சொல்லவில்லை. குடத்து நீரை ஊற்றிக்கொண்டவரும் ஓடையில் குளித்தவரும் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. தொட்டியில் முழுகும் பழக்கமே கிரேக்கர் வழி வந்த குளியல் முறையின் பின்விளைவு என்று ஆட்லரே தனிக் கட்டுரையில் வாதிட்டவர். அப்படியானால் தொட்டிகளின் வருகை குளிக்கும் முறை மாறியதைக் காட்டும். சட்டம் வந்த நாளைக் காட்டாது. தெஃபிலினும் அப்படியே. யூதேயப் பாலைவனத்தின் வறண்ட குகைகளில் அவை கிடைத்ததற்குக் காரணம் அந்த வறட்சி. மற்ற ஊர்களின் ஈர மண்ணில் தோல் எங்கே தங்கும்?

சுண்ணக்கல் பாத்திரங்களைப் பற்றி அவர் எழுதும்போது எழுத்தில் தனி நம்பிக்கை தெரிகிறது. கலிலேயாவில் ரெய்னா ஊரருகே 2017-இல் அத்தகைய பட்டறை ஒன்றைத் தோண்டியவர் அவர்தான். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்ற எண்ணம் பரவியதற்கு அவை நல்ல சான்று. ஆனால் தோராவில் கல் பாத்திரத்துக்கென்று விதி கிடையாது. அவை காட்டுவது சட்டத்துக்கு மக்கள் தந்த விளக்கத்தை.

இன்னொரு பக்கம், கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கு முந்திய சில சான்றுகளும் உள்ளன. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த சேனோன் என்பவரின் ஆவணங்களில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு செங்கல் வரவுக் கணக்கு ஒன்று உண்டு. நாள்தோறும் எத்தனை செங்கல் வந்தன என்று எழுதிவரும் கணக்கர், ஏழாம் நாளுக்கு எண்ணுக்குப் பதிலாக ‘சப்பாத்து’ என்று எழுதியிருக்கிறார். ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதை எழுதியவர் சமயம் பேச வரவில்லை. அன்று செங்கல் வரவில்லை என்பதைப் பதிவு செய்தார். அவ்வளவு தற்செயலான சான்று எனக்கு நம்பகமாகவே படுகிறது. மோசேயின் சட்டத்தைப் பற்றி கி.மு. 300-ஐ ஒட்டி எழுதிய கிரேக்கர் எக்கத்தேயுவின் பகுதியும் இருக்கிறது. அது தியோதோரு நூலில் மேற்கோளாகி, அதுவும் பின்னாளில் ஃபோத்தியு எடுத்தெழுதிய வடிவில் வந்து சேர்ந்தது என்பதால் அதன்மீது பெரிதாக எதையும் கட்ட முடியாது. அதே கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தோரா கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டது. யாருக்கும் பயன்படாத நூலை யார் மொழிபெயர்ப்பார்கள்?

விருத்தசேதனத்தில் சிக்கல் வேறு வகை. பாலஸ்தீனத்துச் சிரியரிடம் அவ்வழக்கம் உண்டு என்று எரோதோத்து கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். அது முன்னோர் வழக்கம், தோராவைப் படித்துச் செய்தது என்பதற்குச் சான்றில்லை என்பது ஆட்லரின் விடை. விடை சரிதான். ஆனால் வழக்கத்தையும் சட்டத்தையும் இவ்வளவு கூர்மையாகப் பிரித்துவிட்டு, சட்டத்தை மட்டும் ‘யூத மதம்’ என்று வரையறுத்தால், முடிவின் பாதி அந்த வரையறையிலேயே அடங்கிவிடுகிறது.

சமாரியர்

நூலின் இறுதிக் கருத்துக்கு மிகக் கடினமான கேள்வி சமாரியரிடமிருந்து வருகிறது. அவர்களுக்கும் அதே ஐந்து நூல்கள்தாம் மறை. சில இடங்களில் மட்டும் பாடவேறுபாடு. அவர்களுடைய ஆலயம் கெரிசீம் மலையில் இருந்தது. அங்கு அகழாய்வு செய்த யிட்ஸ்காக் மாகென், ஆலயத்தின் முதற்கட்டத்தை கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வைத்தார். அதை கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடித்தவர், முகமில்லாக் காசு அடித்த அதே இர்க்கானு. தோராவை மக்களிடம் கொண்டு சேர்த்தது அஸ்மோனியர் என்றால், தம் ஆலயத்தை இடித்தவர்களின் சட்ட நூலைச் சமாரியர் ஏன் தம்முடையதாக ஏற்றார்கள்? வென்றவர் சமயத்தைத் தோற்றவர் ஏற்பது வரலாற்றில் உண்டு. ஆனால் அப்படி ஏற்றவர்கள் வென்றவரின் ஆலயத்தை மறுத்து, இடிந்த தம் மலையையே இன்றுவரை புனிதமாகப் போற்றுவது இயல்பாகத் தோன்றவில்லை.

ஈஜியக் கடலின் தேலோசு தீவில் கிடைத்து 1982-இல் வெளியிடப்பட்ட இரு கிரேக்கக் கல்வெட்டுகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. புனித ‘அர்காரிசீன்’, அதாவது கெரிசீம் மலைக்குக் காணிக்கை அனுப்பும் ‘தேலோசிலுள்ள இசுரவேலர்’ அவற்றில் தம்மைக் குறிப்பிடுகின்றனர். எருசலேமின் அஸ்மோனியரோடு தொடர்பில்லாமல், கடல் கடந்தும் தம்மை இசுரவேலர் என்றே அழைத்துக்கொண்ட மக்கள் இவர்கள். தோரா இவ்விரு மக்களுக்கும் பொதுவாகப் பரவத் தொடங்கியது அவர்களுடைய பகை முற்றுவதற்கு முன்பே என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அது கி.மு. 3-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம். அப்போதும் எருசலேம் சந்தையில் கெளுத்தி விற்றிருக்கும். ஏட்டில் உள்ளது அடுப்படிக்கு வரச் சில தலைமுறைகள் ஆகும். ஆட்லரின் மீன் எலும்பும் நாணயமும் இந்தக் கணக்கோடு முரண்படவில்லை. முரண்படுவது அவருடைய கடைசி அதிகாரம் மட்டுமே.