குழந்தையின் மௌனம்: ரோலண்ட் சம்மிட் கட்டுரை பற்றிய ஒரு மதிப்பீடு

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை அதனை எவ்வாறு வெளியிடுகிறது என்னும் ஆராய்ச்சியில் 1983ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரை, குழந்தையின் நிலையை ஐந்து கூறுகளாக வகுத்தது: மறைத்தல், கையறு நிலை, சிக்குண்டு தாங்கிப் பழகுதல், காலந்தாழ்ந்தும் தெளிவின்றியும் உரைத்தல், உரைத்ததை மறுத்தல். “ஏன் அன்றே சொல்லவில்லை?” என்று குழந்தையையே கூண்டில் நிறுத்திய வினாவுக்கு அது விடை தந்தது. அது சிறு தொண்டன்று.

மூன்றாம் கூற்றைத் தமிழாக்குவோர் ‘இணக்கம்’ என எழுதிவிடுதல் கூடும். அது பெரும் பிழை. தப்ப வழியின்றித் தாங்கிப் பழகுதல் வேறு, உடன்படுதல் வேறு. ‘கற்பழிப்பு’ என்னும் பழைய வழக்கும் இத்தகையதே. குற்றம் ஒருவனுடையது, களங்கமோ குழந்தையின்மேல்!

ஆயினும் சம்மிட்டின் கட்டுரை குறையற்றதன்று. அவர் வகைப்பாட்டைச் சிலர் குற்றத்தை நிறுவும் சான்றாகவே வழக்குமன்றங்களில் கையாண்டனர். 1992இல் அவரே அதனைக் கண்டித்தெழுத நேர்ந்தது. 2005இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கமலா லண்டன் முதலியோர், காலந்தாழ்த்தல் பெருவழக்கே என உறுதிப்படுத்தினர். முறையாக வினவப்பட்ட குழந்தைகளுள் மறுப்போர் அத்துணை மிகுதியல்லர் என்றனர். 2007இல் மல்லாய், லயன், குவாஸ் ஆகியோர் ஆராய்ந்த 257 வழக்குகளில் ஏறத்தாழ 23 விழுக்காட்டில் குழந்தை தான் சொன்னதை மறுத்திருந்தது. வயதில் இளையோர், பெற்றோர் நிலையில் உள்ளவரால் துன்புற்றோர், குற்றமிழைக்காத காப்பாளரின் ஆதரவை இழந்தோர் ஆகியோரிடமே இது மிகுந்திருந்தது. மௌனத்தின் வேர் குழந்தையிடம் மட்டுமன்று, கேட்பவரிடமும் உள்ளது என்பது இதனால் பெறப்படும். சம்மிட்டும் பெரியோரின் ஆதரவை வலியுறுத்தியவரே. எனினும் ‘நோய்க்குறித் தொகுதி’ என அவர் இட்ட பெயர் வாசகர் பார்வையைக் குழந்தையின்பாலே திருப்பிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிள்ளான் குடியிருப்பிலும் அண்டை வீட்டு ஆடவர் குழந்தைக்கு ‘மாமா’ அல்லது ‘அங்கிள்’. “அந்த மாமா வீட்டுக்குப் போகமாட்டேன்” என்பதே முதல் வெளியீடாக இருத்தல் கூடும். அதனை அடம் எனக் கொள்ளும் வீட்டில் குழந்தை மறுமுறை வாய் திறப்பதில்லை. உறவுமுறைப் பெயரே வாய்ப்பூட்டாகும் இந்நிலையை அந்த ஐந்து கூறுகளில் தேடிப் பயனில்லை.

கோலாலம்பூர் மருத்துவமனையில் சிறார் வதை குறித்து ஆராயும் குழு 1985இலேயே அமைந்தது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தகவல் தரும் கடமையை மருத்துவர், குடும்பத்தார், சிறார் பராமரிப்பாளர் ஆகியோர்மீது சுமத்தியது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, அறிந்தும் தெரிவிக்காதவர் எவராயினும் 5,000 ரிங்கிட் வரை அபராதத்துக்கு உரியர் என்கிறது. “பள்ளியின் பெயர் கெடும்” என்னும் வாதம் இதன்முன் நில்லாது.

துருவி வினவுதல் பயிற்சி பெற்ற அதிகாரிக்கு உரியது. ஆசிரியர் செய்யவேண்டியது, கேட்டதைக் குழந்தையின் சொற்களிலேயே, நாளும் நேரமும் குறித்து எழுதிக் காவல்துறைக்குத் தெரிவிப்பது. சொற்கள் கொச்சையாயினும், வாக்கியம் முற்றுப்பெறாவிடினும், சிவப்பு மைக்கு அங்கே வேலையில்லை.