கேர்சோமின் பிள்ளைகள்

கட்டுமாவடிக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணுக்கு எட்டுவது கடல் ஒன்றே. அப்பாக் நீரிணைக்கு அப்பால்தான் யாழ்ப்பாணம். இக்கரையில் இருந்துகொண்டு ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைப்படத்தை அண்மையில் மீண்டும் கண்டோம். 2002 பிப்ரவரியில், இலங்கையில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தான அதே மாதத்தில் வெளிவந்த படம் அது.

மாங்குளத்துச் சியாமா கருவுற்ற நிலையில் அகதியாக இராமேசுவரம் வருகிறாள். ஈன்ற மகவை முகாமில் விட்டுவிட்டுக் கணவனைத் தேடித் திரும்புகிறாள். அம்மகவைத் தமிழகத்து எழுத்தாளர் ஒருவரின் குடும்பம் தன் பிள்ளையாக ஏற்று வளர்க்கிறது. ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மையறிந்த அமுதா, பெற்றவளைத் தேடிப் புறப்படுகிறாள்.

போரைக் கண்டேயிராத ஒரு சிறுமியின் நெஞ்சிலும் போர் குடியேறிவிடும் என்பதை இயக்குநர் மணிரத்னம் உணர்ந்து காட்டியிருக்கிறார். படத்தின் உயர்வு அதுவே. குண்டுவெடிப்புக் காட்சிகளைவிட, தாயை நோக்கி மகள் தொடுக்கும் கேள்விகளே நம்மை அதிகம் உலுக்குகின்றன. தம்முடன் வந்துவிடுமாறு மகள் அழைக்க, நாட்டில் அமைதி திரும்பும் ஒரு நாளைச் சொல்லித் தாய் பிரிகிறாள்.

நமக்குக் குறையாகப் படுவது இந்த முடிவுதான். அமைதி வந்தால் பிரிந்தவர் கூடுவர், காயம் ஆறும் என்னும் ஆறுதலோடு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது படம். 2009 மே மாதம் போர் ஓய்ந்தது, காயம் ஆறவில்லை. அமுதாவுக்கு வீடும் பள்ளியும் நாடும் கிடைத்தன. முகாமிலேயே பிறந்து வளர்ந்த மற்றப் பிள்ளைகளைப் படம் பின்தொடரவில்லை.

நம் மாவட்டத்திலேயே, அறந்தாங்கியை அடுத்த அழியாநிலையிலும் தோப்புக்கொல்லையிலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப்பின் தமிழகம் வந்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரைத் தமிழக அரசு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது, அது நன்று. ஆயினும் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தோருக்கு இடமில்லை. இம்மண்ணில் பிறந்தும் இந்நாட்டுக் குடிமக்களாக ஏற்கப்படாதோர் அம்முகாம்களில் பலர்.

விடுதலைப் பயண நூலில் மோசேயின் தாயும் மகவைக் கூடையிலிட்டு ஆற்றோரம் விட்டவளே. அவரை வேறொரு வீடு காத்தது. பின்னர் மிதியானில் தமக்கு மகன் பிறந்தபோது, தாம் அன்னிய நாட்டில் வாழ்பவர் என்னும் துயரத்தையே பொருளாக வைத்து, ‘கேர்சோம்’ எனப் பெயரிட்டார் மோசே. நாடிழந்தவர் தந்தை; அவ்விழப்பைப் பெயராகச் சுமந்தவர் மகன். மணிரத்னத்தின் படம் மோசேயின் கதையோடு நின்றுவிட்டது. கேர்சோமின் கதையைச் சொல்ல இன்னொரு படைப்பு வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருக்கலாகாது. அன்னியரை ஏற்பது தம்மையே ஏற்பதாகும் என்றவரின் மக்கள் நாம். அமுதாவுக்காகத் திரையரங்கில் கண்ணீர் விட்ட நாம், அழியாநிலைப் பிள்ளை ஒன்று நம் ஆலயத்திலோ பள்ளியிலோ அருகில் வந்து அமரும்போது, அதன் பாட்டியின் ஊரைப் பற்றிக் கேட்டறிவோம். பின்னர், அப்பிள்ளை தன் ஊர் என்று எதைச் சொல்லலாம் என்ற கேள்வியை ஆட்சியாளர் முன் எடுத்துச் செல்வோம்.