பழுப்புக்கு ஏற்ற அட்டை

‘வான் டைக் பிரவுன்’ என்று ட்யூபில் அச்சிட்டு விற்கும் நீர்வண்ணம் ஆதியில் எதிலிருந்து வந்தது என்று சொன்னால் நெய்வேலிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். பழுப்பு நிலக்கரிதான், அதாவது லிக்னைட். ஜெர்மனியில் கொலோன், காசல் பக்கம் வெட்டியெடுத்ததை 17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் அரைத்து நிழலுக்குப் பூசினார்கள். ரெம்பிராண்ட் படங்களிலும் அது உண்டு. ஓவியர் வான் டைக்கின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு மேலே வந்த கருந்துகள், 1956இல் ஒரு நிறுவனமாகி, 1961இல் கரியாகக் கைக்குக் கிடைத்தது. அதன் பிறகு ஊருக்கு அது மின்சாரம். நிறமாக அதைப் பார்த்தவர் குறைவு.

பார்க்க வேண்டிய நிறம்! லிக்னைட்டை நைசாகப் பொடித்து, சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் ஹியூமிக் அமிலம் கரைந்து, இரண்டாம் டிகாக்ஷனைப் போல் இறங்கும். பயிருக்கு விடும் ஹியூமிக் திரவத்தின் சங்கதியும் இதுதான். ஐரோப்பியத் தச்சர்கள் மரத்துக்கு வால்நட் நிறம் ஏற்றியதும் இதைக் கொண்டே. இன்றைக்கு ‘வால்நட் இங்க்’ என்று விற்கும் படிகங்களில் பெரும்பாலும் வால்நட் கிடையாது.

வடிகட்டிக் கொஞ்சம் கோந்து சேர்த்துத் தாளில் இழுத்தால் அதன் குணம் தெரியும். கெட்டியாக வைத்த இடத்தில் கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும். தண்ணீர் விட்டு இழுத்த இடத்தில் தேன் நிறம். இரண்டுக்கும் நடுவே இருபது படிகளை ஒரே பிரஷ்ஷில் எடுக்கலாம். காய்ந்த பிறகும் ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் எழுந்து வரும். மழைமேகத்துக்கு ஓரம் கரைக்க இதைவிட வசதி வேறில்லை. அதே குணத்தால், மேலே இன்னொரு வண்ணம் ஏற்றும்போது கை நிதானம் தவறினால் எல்லாம் சேறாகிவிடும்.

பெரிய குறை வேறு. வெளிச்சத்தில் வெளுக்கும். அதனால்தான் இன்றைய ட்யூப்களில் பெயர் மட்டும் பழையது. உள்ளே பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் கறுப்பும். அதில் அந்தக் கண்ணாடித் தெளிவு இல்லை.

அப்படியானால் இந்தப் பழுப்பை எங்கே வைப்பது? உள்ளங்கை அளவு அட்டையில். 1997இல் சூரிச்சில் ஸ்டிர்னிமான் என்ற கலைஞர் தொடங்கிவைத்த வழக்கம் ஒன்று: 2.5க்கு 3.5 அங்குலத்தில் கையால் செய்த கார்டுகளை விற்காமல் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது. அவை வாழ்வது சட்டத்தில் அல்ல, ஆல்பத்தின் இருட்டில். ஆல்பத்தில் வாழும் சிறு ஓவியம் தமிழ்நாட்டுக்குப் புதிதுமல்ல. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் மெல்லிய காக்காப்பொன் தகட்டில் தொழிலாளர், சாமிகள், ஊர்வலங்கள் என்று வரைந்து, வெள்ளைக்காரர்களுக்குத் தொகுதி தொகுதியாக விற்றார்கள். தகடு வழவழப்பு, வண்ணம் உள்ளே இறங்காது, உதிரும். ஆல்பத்தில் போனவை இன்றும் லண்டன் அருங்காட்சியகங்களில் பளிச்சென்றிருக்கின்றன.

அட்டைக்குத் தாள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் கைத்தாள் செய்கிறார்கள். பருத்திக் கந்தலில் செய்த கைத்தாள் என்றால், வெட்டாமல் கிழித்த விளிம்பில் நார் துருத்திக்கொண்டு நிற்கும். பழுப்பு அந்த நாரில் ஏறி, தானாக ஒரு கரை போட்டுவிடும். அதே சாயத்தில் தோய்த்த நூலால் ஓரம் தைக்கலாம். பருத்தியில் அது கெட்டியாகப் பிடிக்காது, துவைத்தால் போய்விடும். கார்டை யார் துவைக்கப்போகிறார்கள்?

இல்லை, ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியே தீருவேன் என்பவருக்கு இரும்பு ஆக்சைடு ட்யூப் இருக்கவே இருக்கிறது. நெய்வேலி வெயிலுக்கு அதுதான் தாங்கும்.