உயிரியல் வகுப்பில் அறம்: பட்டிமன்றம் போதாது

கல்லூரி உயிரியல் பாடத்திட்டங்கள் பலவற்றில் ‘உயிர் அறவியல்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. பெரும்பாலும் கடைசி யூனிட். வரையறையை எழுதி நாலு கோட்பாட்டை வரிசையாகப் போட்டால் ஐந்து மார்க் வந்துவிடும். இது போதாது என்று உணர்ந்த ஆசிரியர்கள் சிலர் வகுப்பில் விவாதம் நடத்துகிறார்கள். மரபணு மாற்றப் பயிர் வேண்டுமா வேண்டாமா, குளோனிங் சரியா தவறா என்று ரெண்டு அணி பிரித்துப் பேச விடுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனா நடக்கிறது பட்டிமன்றம்.

பட்டிமன்றத்தில் என்ன சிக்கல்னா, பக்கம் முதலிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு புதிதாக எதைக் கற்றாலும் யாரும் கட்சி மாற முடியாது. நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குக் கைதட்டல் விழும், நடுவர் ரெண்டு பக்கத்தையும் பாராட்டி முடித்துவைப்பார். என் அளவுகோல் எளிமையானது: உயிரியலே படிக்காத ஒருவர் அந்த விவாதத்தில் ஜெயிக்க முடியும் என்றால், அது உயிரியல் பாடம் இல்லை.

வேறு எப்படிச் செய்வது? உதாரணத்துக்குத் தொலைவில் போகத் தேவையில்லை. நான் இருக்கும் செவிலிமேட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டுத் தறிதான் பிழைப்பு. பக்கத்துத் திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் இருக்கிறது. கொல்லாமையைக் காரணம் காட்டிப் பட்டு வேண்டாம் என்று சொன்ன சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் மடமும் இதே காஞ்சிபுரத்தில்தான். ஆக, “பட்டுக்காகப் புழுவைக் கொல்லலாமா?” என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிது இல்லை.

இதை வகுப்பில் கேட்டால் முதல் பதில் உடனே வரும்: “பூச்சி வெளியே போன பிறகு கூட்டை எடுத்துக்கலாமே சார்.” இங்கேதான் பாடம் தொடங்க வேண்டும். பட்டுக்கூடு என்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே இழை. ஃபைப்ராயின் என்ற புரதத்தைச் செரிசின் என்ற இன்னொரு புரதம் பசை போல ஒட்டிவைத்திருக்கிறது. அந்துப்பூச்சி வெளியே வர ஒரு நொதியைச் சுரந்து அந்தப் பசையைக் கரைத்து, இழைகளை விலக்கி ஓட்டை போடுகிறது. அதன் பிறகு இழையை ஒரே நீளமாக உருவ முடியாது. பஞ்சு போல நூற்கத்தான் முடியும். ஐதராபாத்தின் குசுமா ராஜையா பிரபலப்படுத்திய ‘அகிம்சைப் பட்டு’ இந்த வழியில் வருவதுதான். உருவி எடுத்த இழையின் வழவழப்பும் மினுமினுப்பும் அதில் அப்படியே கிடைக்காது.

சரி, மினுமினுப்பு போனால் போகட்டும், உயிர் பிழைத்ததே என்கிறீர்களா? அடுத்த கேள்வி: பிழைத்த பூச்சி எங்கே போகும்? ஆயிரக்கணக்கான ஆண்டு வளர்ப்பில் பாம்பிக்ஸ் மோரி பறக்கும் திறனை இழந்துவிட்டது. முதிர்ந்த பூச்சி சாப்பிடாது. சில நாள் உயிரோடு இருந்து, இணைந்து, முட்டையிட்டுச் சாகும். ஒரு பெண்பூச்சி இடுவது நானூறு, ஐந்நூறு முட்டை. எல்லாம் பொரித்தால் அவ்வளவுக்கும் மல்பெரி இலை எங்கே? போடாவிட்டால் பட்டினிச் சாவு. இன்னொன்றும் உண்டு. பட்டுப்புழு முட்டை உற்பத்தியில் பெப்ரைன் நோயைத் தடுக்க, முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1860-களில் பிரான்சில் லூயி பாஸ்டர் வகுத்த முறை இது. நூலுக்காகக் கொல்லாமல் விட்டாலும், நோயில்லா முட்டைக்காகக் கொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கேள்வி தீர்ந்துவிடாது, கூர்மையாகும். கூட்டுப்புழுவுக்கு வலி உண்டா? உருமாற்றத்தின் போது நரம்பு மண்டலமே மாற்றி அமைக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் ‘வலி’ என்றால் என்ன பொருள்? ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஆறேழு கிலோ கூடு என்றால், எத்தனை உயிர்? இதில் எது உயிரியல் பதில் சொல்லக்கூடிய கேள்வி, எது சொல்ல முடியாத கேள்வி என்று பிரிக்கத் தெரிவதுதான் மாணவர் கற்க வேண்டியது. எல்லா உண்மையும் கையில் இருந்தும் கொல்லலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கும். அதை அவரவர் சுமக்கத்தான் வேண்டும்.

இந்த ஊரில் இன்னொரு கவனமும் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். விவாதம் கொஞ்சம் தவறினால் அது அவங்க அப்பாவை வைத்து நடத்தும் விசாரணை ஆகிவிடும். நெசவாளர் கைக்கு வருவது நூல். கொதிநீரில் கூடு போவது பெரும்பாலும் கர்நாடகப் பக்கம். கூலி நெசவாளர், நூல் எடுப்பவர், முகூர்த்தப் புடவை வாங்கும் நாம், இதில் யார் பொறுப்பு எவ்வளவு என்பதையும் கேள்விக்குள் கொண்டுவந்தால்தான் அது நியாயமான விவாதம்.

வகுப்புக்கே நேரடியாக வந்த அறக் கேள்வி ஒன்றை நாம் பேசாமலே விட்டதையும் சொல்ல வேண்டும். விலங்கு அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி 2011-லும், முழுக்க நிறுத்தச் சொல்லி 2014-லும் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. முடிவை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தவளையை ஏன் அறுத்தோம், அதில் எதைக் கற்றோம், கணினிப் படம் எதை ஈடு செய்யும், எதைச் செய்யாது என்று மாணவரோடு பேசுவதற்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு வெறும் சுற்றறிக்கையாக வந்து ஃபைலுக்குள் போனது.

“போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை” என்ற ஆசிரியரின் குறை நியாயமானது. ஆனால் மேலே சொன்ன பட்டு விவாதத்துக்குள் புரத அமைப்பு, நொதி, உருமாற்றம், செயற்கைத் தேர்வு, நோயியல் எல்லாம் வந்துவிட்டன. தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், அதுவே போர்ஷன். மார்க் போடுவதும் முடியாத காரியம் இல்லை. தொடக்கத்தில் ஒரு பத்தி, முடிவில் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்க வேண்டாம். எந்த உண்மை அவர் எண்ணத்தை அசைத்தது, அசைக்கவில்லை என்றால் ஏன் என்று அவர் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இன்டர்னல் மார்க்கை அதற்குக் கொடுக்கலாம்.