கடைசியில் பேசுகிறவருக்கு என்ன லாபம்?

டான் ஹாரிங்டனும் பில் ராபர்ட்டியும் எழுதிய 'ஹாரிங்டன் ஆன் ஹோல்டெம்' முதல் பாகம் 2004-ல் வந்தது. போக்கர் டோர்னமென்ட் ஆடுவோர் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதில் அழுத்தமாக வருகிற பாடங்களில் ஒன்று பொசிஷன். முதலில் பேசுகிறவர் இருட்டில் பேசுகிறார். டீலர் பட்டனில் இருப்பவர் எல்லாரும் செய்ததைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். அதே சீட்டுதான், இடம் மாறினால் மதிப்பு மாறிவிடும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாலு கம்பெனியிடம் விலை கேட்டுவிட்டு, கடைசியில் வாய் திறக்கிற பையர்தான் எங்க ஊர் பட்டன். ஒரே வித்தியாசம், போக்கரில் பட்டன் ஆட்டத்துக்கு ஆட்டம் அடுத்தவருக்கு நகரும். இங்கே நகராது.

அப்போ போக்கர் மேசை நியாயமானதா? முழுசா இல்லைங்க. பட்டன் நகரும், ஆனால் டோர்னமென்டில் கட்டாயப் பந்தயமான பிளைண்டும் ஏறிக்கொண்டே போகும். கையில் 3,000 சிப், பிளைண்ட் 100, 200 என்றால் 10 சுற்று தாங்கலாம். பிளைண்ட் 200, 400 ஆனதும், எதையும் தோற்காமலே அது 5 சுற்றாகிவிடும். 9 பேர் மேசையில் பட்டன் 9 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். நல்ல இடத்துக்காகக் காத்திருக்க முதலில் கையிருப்பு வேண்டும்.

ஹாரிங்டன் இதை மறைக்கவில்லை. 2005-ல் வந்த இரண்டாம் பாகமே இதைப் பற்றித்தான். இந்தக் கணக்கை அவர் 'எம்' என்கிறார். அது 5-க்குக் கீழே போனால் மொத்தத்தையும் வைப்பதுதான் ஒரே வழி என்கிறார். மொத்தத்தையும் வைத்த பிறகு நீங்கள் பேச எதுவுமே மிச்சமில்லை. நமக்குப் பின்னால் எத்தனை பேர் பாக்கி என்பது மட்டும்தான் அப்போது பொசிஷன்.

என் குறை முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் மேல்தான். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. பொசிஷனைப் பார்த்தால் அது சரிதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்கிறது. இந்த வழக்காடலில் அதிகம் பேசப்படாதது மூன்றாவது ஒன்று, கையிருப்பு. சனிக்கிழமைச் சம்பளத்தை வைத்து ஆடுகிற டெய்லருக்கும் திறமை இருக்கலாம். காத்திருக்கத்தான் அவருக்கு வழியில்லை.